இடது பக்கக் கட்டம்

"இல்லைங்க. என் நம்பர் இல்ல."

மனைவியின் குரல், அழுது முடித்த குரலாக இருந்தது. பின்னால் யாரோ கீபோர்டைத் தட்டும் சத்தம். பிரவுசிங் சென்டரில் இருந்தபடியே பேசுகிறாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவன் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன். மொத்தமே இருபத்திரண்டு பேரைத்தான் எடுத்திருக்காங்க. வெயிட்டிங் லிஸ்ட் எட்டுப் பேர், அதுலயும் இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பக்கம் மட்டும் அழகா இருக்குங்க. நீங்க பண்ணதுதானே?"

அவன் பண்ணியதுதான். அரசு மருத்துவமனை நிர்வாக அலுவலகத்தின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் அவன். நர்ஸ் வேலைக்குத் தேர்வானவர்களுக்கு இனிமேல் தபால் கிடையாது, எல்லாம் வலைத்தளத்தில்தான் என்று மேலதிகாரி சொன்னதும், எச்.டி.எம்.எல்.லில் ஒரே பக்கத்தை மூன்று ஃபிரேம்களாக, தனித்தனிக் கட்டங்களாக, பிரித்தான். மேலே அலுவலகத்தின் பெயர். கீழே இடது கட்டத்தில் தேர்வானவர்கள், வலது கட்டத்தில் காத்திருப்போர்.

மாதிரிக்குப் பத்து எண்களைப் போட்டு மேலதிகாரியிடம் காட்டியபோது, அவர் கண் வேறெங்கோ போனது.

"ஓரத்துல என்னப்பா அது, ஏத்தி இறக்கற பட்டை? நல்ல சட்டையில ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு. எடுத்துடு."

நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். எடுத்துவிட்டான். அசல் பட்டியலைத் தேர்வுப் பிரிவே நேராக ஏற்றிக்கொண்டது.

மனைவி தன் எண்ணை அவனிடம் சொல்லவே இல்லை. "சொன்னா நீங்க போய்த் துழாவுவீங்க. புருஷன் உள்ள இருக்கான், அதான் கெடைச்சுதுன்னு நாளைக்கு ஒருத்தர் பேசக் கூடாது" என்றுவிட்டாள். அவள் விண்ணப்பித்ததே அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதன்பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது.

"முப்பது இடம்னு விளம்பரம் குடுத்துட்டு இருபத்திரண்டா?" என்றாள்.

"இவங்க எப்பவும் அப்படித்தான். கடைசி நேரத்துல குறைப்பாங்க. நீ வீட்டுக்குப் போம்மா, நான் சீக்கிரம் வந்துடறேன்."

அன்றைக்கும் மறுநாளும் அந்தப் பக்கத்தைத் திறக்க அவனுக்குக் கையே வரவில்லை.

வெள்ளிக்கிழமை, வேலையில் சேரக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடாதவர்களின் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும். காலையிலிருந்தே அவர்கள் மடியில் ஃபைலோடு நடைபாதை பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் இரண்டு தடவை அந்த வழியாகப் போனான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஐந்தேகாலுக்கு நியமனப் பிரிவு அக்கா அவன் அறைக்குள் வந்தார். கையில் பிரிக்காத நியமன ஆணைக் கவர்கள்.

"தம்பி, எல்லா இடமும் நிரம்பிடுச்சுன்னு வெப்சைட்ல போட்டுடுங்க. பெஞ்சுல இருந்த எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுடுச்சு, பாவம்."

"எட்டு இடம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"வராதவங்க இடம்தான். முப்பது பேர்ல கடைசி எட்டுப் பேர், பேசி வெச்ச மாதிரி ஒருத்தர்கூட வரல. ஊரே இந்த வேலைக்கு அலையுது, இதுங்களுக்குக் கொழுப்பைப் பாருங்க."

"முப்பதா?"

"பின்ன? முப்பது ஆர்டர்ல கையெழுத்து வாங்கினது நான்தானே."

அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். அவனுடைய பெரிய திரையில், இடது கட்டத்துக்குள் முப்பது பேரின் எண்களும் ஒழுங்காக நின்றன.

விண்டோவின் கீழ் ஓரத்தைப் பிடித்து, பிரவுசிங் சென்டர்களில் இருக்கிற சின்னத் திரையின் அளவுக்கு மேலே தள்ளினான். முப்பதாவது வரி மறைந்தது. இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே போய், இருபத்திரண்டாவது வரியோடு கட்டம் முடிந்தது. அதற்குக் கீழே இறங்கிப் பார்க்க வழி எதுவும் இல்லை. கீழே இன்னும் எண்கள் இருக்கின்றன என்பதற்கு அடையாளமும் இல்லை.

"அக்கா, இன்னைக்குப் போட்ட கையெழுத்தை நிறுத்தி வைக்க முடியுமா? ஒரே ஒரு நாளைக்கு?"

"விளையாடறீங்களா தம்பி? சீல் வெச்சு, ரெஜிஸ்டரை மூடி, பெரிய ஆபீசர் வீட்டுக்கே கெளம்பிட்டாரு. இனிமே தலைகீழா நின்னாலும் நடக்காது. ஏன், என்ன ஆச்சு?"

அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

வராதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வுப் பிரிவு அடித்து அனுப்பிய அந்தக் கவர்களை முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாவது கவரில் நின்றார். அதைத் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி படித்தார்.

"தம்பி, இதுல புருஷன் பேருன்னு உங்க பேரு போட்டிருக்கே."