நவம்பர் கழியட்டும்

"போட்டோ தராம இந்த நாற்காலிய விட்டு எழும்ப மாட்டேன். பாத்துக்க."

சொன்னதோடு நிற்காமல் சிவகணேஷ் நாற்காலியில் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் பேராசிரியர் இப்படிச் சத்தியாக்கிரகம் செய்வதைப் பார்த்து, அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேலையாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தாராளமா உக்காரு. சாப்பாடும் சொல்லுதேன். போட்டோ மட்டும் கேக்காத" என்றார் அசன் மைதீன். மேலப்பாளையத்தில் அவருடைய மோட்டார் பம்ப் கம்பெனிக்கு நல்ல பெயர். ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களில் பாதிக்கு அவருடைய மோட்டார்தான் தண்ணீர் இறைக்கிறது.

இருவரும் முப்பது வருடங்களுக்கு முன் அந்தக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள். கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே அசன் மைதீன் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். சிவகணேஷ் மேலே படித்து அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது பழைய மாணவர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஜனவரியில் துறையின் ஐம்பதாம் ஆண்டு விழா. படித்துப் பட்டம் வாங்கி முன்னுக்கு வந்த இருபத்தைந்து பேரின் படங்களை அதற்குள் துறைச் சுவரில் மாட்டி முடிப்பதாக ஏற்பாடு; நாலு வருடமாக நடக்கும் வேலை. இருபத்து நாலு படம் ஏறிவிட்டது. ஒரு ஃபிரேம் மட்டும் வெறும் கண்ணாடியாகத் தொங்குகிறது.

"சுவத்துல யாரெல்லாம் இருக்காவன்னு தெரியுமாலே? நம்ம ஜெய்சன் கப்பல் கேப்டன். சித்ரலேகா வானிலை ஆய்வு மையத்துல இருக்கா, புயல் வந்தா டிவியில அவ முகம்தான். பூதலிங்கம் சாத்தான்குளத்துல முருங்கைக் கீரையப் பொடியாக்கி ஜெர்மனிக்கு அனுப்புதான். அறுவது குடும்பத்துக்கு வேலை கொடுக்குத நீ இல்லாம அது என்னலே சுவரு?"

அசன் மைதீன் பேனாவைத் திறந்து மூடினார். "படத்துக்குக் கீழ என்ன எழுதுவ?"

"இதென்ன கேள்வி? அசன் மைதீன், பி.எஸ்ஸி., தொழிலதிபர்."

அசன் மைதீன் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"நவம்பர் கழியட்டும்லே."

சிவகணேஷுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போன தடவ வந்தப்ப ஏப்ரல் கழியட்டும்ன. அதுக்கு முந்தி நவம்பர். நாலு வருசமா இதே பாட்டுதான். ஏப்ரல்ல சீசன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். அடைமழையில எவன்லே மோட்டார் வாங்க வாரான்?"

மேசையில் கிடந்த ஒரு சின்னக் கவரின் வாயில் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எட்டிப் பார்த்தன. சிவகணேஷ் சட்டென்று ஒன்றை உருவினார். வெள்ளைச் சட்டை, புதிதாகத் திருத்திய தாடி, மாப்பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

"இந்தா, இங்கனதானே இருக்கு."

அசன் மைதீன் பாய்ந்து வாங்கி டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். "அது வேற காரியத்துக்கு எடுத்தது."

"சரிதான். பெரிய ஆளாயிட்ட. எங்க சுவரு உனக்குச் சின்னதாப் போச்சு."

அந்தப் பேச்சு அவரைக் குத்திவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. "சின்னதுன்னு யாருலே சொன்னா? அந்தச் சுவத்துல ஏறணும்னுதானே நானும் கெடந்து பாடுபடுதேன். இன்ஷா அல்லாஹ், ஏறாம விட மாட்டேன்."

இப்படி நைச்சியமாகப் பேசித்தான் நாலு வருடமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான், தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டார் சிவகணேஷ். ஒரு படம் கொடுக்க ஒரு மனிதன் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது?

அசன் மைதீன் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டரை ஆயிட்டு. மத்தியானம் எனக்கு ஒரு சோலி கெடக்கு."

"எனக்கும்தான். ரெண்டு மணிக்குப் பரீட்ச ட்யூட்டி."

"எந்த ரூம்ல?"

"போனப்புறம் சீட்டுக் குலுக்கித்தான் தருவாவ. நீ பேச்ச மாத்தாத. நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன். உன் படத்த வாங்காம விட மாட்டேன்."

சம்மணத்தைக் கலைத்துக்கொண்டு சிவகணேஷ் எழுந்தார்.

குலுக்கலில் அவருக்கு இரண்டாம் மாடி பதினாலாம் எண் அறை விழுந்தது. பழைய அரியர்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் சிறப்பு வாய்ப்பு. அதனால் பெஞ்சுகளில் நரைத்த தலைகளும் தெரிந்தன. காலையில் பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டே, வரிசையாக ஹால் டிக்கெட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வந்தார்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை ஹால் டிக்கெட்டை நீட்டியது. வெள்ளைச் சட்டை, புதிதாகத் திருத்திய தாடி. அவர் நாலு வருடமாகக் கேட்டு அலைந்த அதே ஆளின் படம். அதற்குக் கீழே, 'பி.எஸ்ஸி. இயற்பியல், 1993 சேர்க்கை. அலைடு மேத்ஸ், இரண்டாம் தாள்.'

சிவகணேஷின் பேனா அப்படியே நின்றது.

"இது எட்டாவது தடவ. இதுவரைக்கும் நாகர்கோவில்ல போய் எழுதிட்டிருந்தேன், இந்தத் தடவ இங்கன போட்டுட்டாவ" என்று மெதுவாகச் சொன்ன அசன் மைதீன், பெஞ்சை விட்டு எழுந்து நின்றார். "கையெழுத்துப் போடுங்க சார், மணி அடிச்சிட்டு."