பூச்சு வேலை

பழைய வீடுகளை வாங்கிப் பளபளப்பாக்கி விற்கும் ஃபிளிப்பர் அவர். எந்த வீட்டையும் நேரில் பார்க்க மாட்டார். படத்தைப் பார்த்து வாங்குவார், விற்ற மறுநாளே மறந்துவிடுவார்.

அவர் விற்ற ஒரு வீட்டில் சுவர் இடிந்து, அவரிடம் வேலை பார்த்த பெயின்டரின் அக்காள் காலை இழந்தாள். பழியையும் பெயின்டர் தலையிலேயே கட்டினார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடமே வேலையில் நீடித்தான்.

இன்று, தாம் குடியிருக்க வாங்கிய வீட்டை அவனுக்குப் பெருமையோடு காட்டினார்.

"நீ படம் அனுப்பின வீடுதான்யா. சுவரைப் பாரு, கண்ணாடி மாதிரி. இனிச் சாகுற வரைக்கும் இங்கதான். பூசினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

பெயின்டர் கையை நீட்டினான்.

"போடுங்க சார். ஆறு வருஷம் முன்னாடி, 'விரிசலைப் பட்டி வச்சு மூடு, குடியிருக்கப் போறது நானா'ன்னு போன்ல கேட்டீங்களே, அந்த வீடுதான் இது."