சஹன் வட்டம்

நாலு மணிக்குச் சோவியத் கப்பல்காரர்களுக்கு வரவேற்பு. மண்டப மேசையில் அவர்களுடைய பதினைந்து குடியரசுகளின் சின்னங்களும் சுவரில் ஒட்டுவதற்காகக் குவிந்து கிடக்கின்றன. யன்னல் வெயில் அவற்றின் சிவப்பில் பட்டு, நட்புறவுச் சங்கச் செயலாளர் சோமசேகரத்தின் வெள்ளைச் சட்டையில் தெறிக்கிறது. “அகரவரிசை எண்டால் ரஷ்யா பின்னுக்குப் போயிடும்,” என்கிறார். “அதை முன்னுக்கு வைச்சால் மற்றவை கோவிப்பினம்,” என்கிறார் குணேஸ்வரி ரீச்சர். துணிக்கடை அபூதாஹிர் சிரிக்கிறார். “கலியாணத்தில ஆறு பேர் ஒரே சஹன் தட்டச் சுத்தி இருந்து சோறு திங்கிறம். அதில முதலாள் ஆர்?” அவரே சுவரில் சின்னங்களை வட்டமாக ஒட்டுகிறார். துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. சோமசேகரம் தலையைச் சரித்துப் பார்க்கிறார். “வடிவுதான். ஆனால் உச்சியில ஆரை வைச்சனீங்கள்?” “பேர் தெரியாது சேர். கடலும் உதிக்கிற சூரியனும் இருக்கு. நம்மட ஊர் மாதிரி எண்டு வைச்சனான்.”