கரியரில் இடம்

சண்டையால் பஸ் நின்றுபோனபின், வன்னிக்குக் காட்டுவழியே சைக்கிளில்தான் போகவேண்டும். கதிராமன் விடியப் புறப்படுகிறான் என்ற கதை சல்லிக் கிராமம் முழுக்கப் பரவிவிட்டது.

"இதை மகளிட்டைக் குடுத்துவிடு தம்பி" என்று அன்னப்பிள்ளை சவர்க்காரக் கட்டிகளோடு வந்தாள். காசிநாதர் பேரனுக்குப் பால்மா கொண்டுவந்தார். பின்னால் இன்னும் பலர்.

"இனி ஏலாது" என்றான் கதிராமன்.

"பாவம், அங்கை ஒண்டும் இல்லையாம். வாங்குங்கோ" என்று மனைவி ராசமலர் எல்லாவற்றையும் வாங்கி, கரியரிலும் பாரிலும் தானே இறுக்கிக் கட்டினாள்.

விடிந்தது. நல்ல சேலை உடுத்து, அவனோடு கூடப் போக ஆயத்தமாக வந்த ராசமலர் சைக்கிளைப் பார்த்தாள். கரியரில் அவள் இருக்க இடமில்லை.

"ஆரின்ரை சாமானை அவிழ்க்கிறது?" என்றான் கதிராமன்.

அவள் உள்ளே போய், திருநீறு மடித்த கடதாசிச் சரை ஒன்றோடு வந்தாள்.

"என்ரை அம்மா கண்ணை மூடமுதல் நெத்தியிலை பூசிவிடுங்கோ. நான் தந்துவிட்டதெண்டு சொல்லுங்கோ."