ஃப்ரூமா வேண்டாம்

பிறந்த மகளுக்கு ஃப்ரூமா என்றுதான் பெயர் வைப்பேன் என்று ஷீரா ஒற்றைக் காலில் நின்றாள். மெல்பர்ன் யூத ஜெப ஆலய மாதர் சங்கத்தின் தலைவியான மாமியார் லினெட்டுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தது.

"உங்க செத்துப்போன பாட்டி பேர்தானே அத்தை? செத்தவங்க பேரை வைக்கிறதுதானே நம்ம வழக்கம்?"

"பாட்டி போலந்துச் சந்தையில கோழி வித்தவ. இந்தப் பேரோட பள்ளிக்கூடம் போனா எல்லாரும் சிரிப்பாங்க."

"எங்க தெருவுலயே ஒரு ஸெல்டா, ரெண்டு மின்டல் இருக்கு. இப்ப பழைய பேர்தான் ஃபேஷன்."

"எமிலி, சோஃபினு நாகரிகமா வையேன்!"

"வேண்டாம்ங்கறதுக்கு உருப்படியா ஒரு காரணம் சொல்லுங்க. விட்டுடறேன்."

கூடத்தில் சங்கத்துப் பெண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லினெட் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் பாட்டி பேரைத்தான்டி வச்சாங்க. லினெட்ங்கறது பள்ளிக்கூடத்துல நானா வச்சுக்கிட்டது. உசிரோட இருக்கறவ பேரைப் பிள்ளைக்கு வச்சா, சாவை வான்னு கூப்பிடற மாதிரி. நான் இன்னும் சாகலைடி!"

ஷீரா கொஞ்சம் யோசித்தாள்.

"சரி அத்தை, பேசாம லினெட்னே வச்சிடறேன். அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லையே!"