கண்டுகொள்ளாத ஆடு

கழுதைக்கு ஆட்டின் மேல் தீராத கோபம். தினமும் சந்தைக்குப் போகும் வழியில் ஆட்டின் இடப்பக்கமாக வந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். ஆடோ கண்டுகொள்ளாமல் போய்விடும். “திமிர்! வேறென்ன?” என்று கழுதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒருநாள் கண் டாக்டர் கொக்கிடம் கழுதை போனால், வரிசையில் அதற்கு முன்னால் ஆடு! எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் ஆடு கடகடவென்று படித்துவிட்டது.

‘கண்ணில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் கொழுப்பு’ என்று கழுதை பல்லைக் கடித்தது.

கொக்கு விடவில்லை. “என் மூக்கையே பாரும்மா. இறக்கை தெரிஞ்சதும் சொல்லு” என்று ஆட்டின் வலப்பக்கம் இறக்கையை விரித்தது.

“தெரியுது டாக்டர்.”

பிறகு இடப்பக்கம் விரித்தது. விசிறிபோல் ஆட்டியும் பார்த்தது. ஆடு பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “இந்தப் பக்கம் எப்போ விரிப்பீங்க டாக்டர்?” என்று கேட்டது.

கழுதையின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

“இடப்பக்கப் பார்வை போயிருக்கு. இனிமே கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பழகிக்கோ” என்றது கொக்கு.

கழுதை ஒரே ஓட்டமாகச் சுற்றிப்போய் ஆட்டின் வலப்பக்கம் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

ஆடு துள்ளிக் குதித்தது. “அட, நீயா! இத்தனை நாளா என்னைக் கண்டுக்கவே இல்லையே, அவ்வளவு திமிரா உனக்கு?”