கடைசிக் குடுவை

"இன்னைக்கு வெளிச்சம் தீர்ந்துபோச்சு சார். நாளைக்கு வாங்க."

மீன் காட்சியகத்தின் இருட்டறையில் நின்ற பெண் எரிச்சலில்லாமல்தான் சொன்னாள். எரிச்சல்படவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

கேட்டவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பின்னால் மாமனாரும் மாமியாரும் நிற்கிறார்கள். மானம் போகிறதே.

"தீர்றதுக்கு இதென்ன டீயா? டிக்கெட் வாங்கியிருக்கோம்ல?"

"இது கடல்ல வாழுற பொடி உயிருங்க சார். ராத்திரி பூரா விளக்கு போட்டு வளர்த்தாதான் மறுநாள் பகல்ல, இருட்டுல மின்னும். அதுவும் நல்லா ஒரு தடவை குலுக்கிட்டா அன்னைக்கு அவ்வளவுதான். அதுங்களும் களைச்சுப் போயிடும்."

"போகட்டும் விடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"நீங்க இருங்க மாமா. அதோ, அலமாரியில ஒரு குடுவை இருக்கே, அது என்ன?"

அவள் நகர்ந்து அலமாரியை மறைத்துக்கொண்டாள். "அது வேற ஒருத்தருக்கு சார்."

போதாதா? மாப்பிள்ளை போய் மேனேஜரையே கூட்டிவந்துவிட்டார்.

"வேண்டப்பட்டவங்களுக்குன்னு தனியா காட்சி நடத்துறியா? எத்தனை நாளா நடக்குது இது?" மேனேஜர் குடுவையை நோக்கிக் கையை நீட்டினார். "முதல்ல சாருக்குக் காட்டு. நாளைக்கு ஆபீசுக்கு வா. உனக்கு வேலை இருக்கா இல்லையான்னு அப்போ சொல்றேன்."

"வேலையை விட்டு எடுத்துடுங்க சார். அதைத் தொடாதீங்க."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் மூச்சுவாங்க உள்ளே வந்தார். இங்கே ராத்திரி டூட்டி பார்ப்பவர். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி.

"மன்னிச்சுக்கம்மா. கெஞ்சிக் கூத்தாடிதான் இன்னைக்குச் சீக்கிரம் விட்டாங்க."

மேனேஜர் முறைத்தார். "இந்த நேரத்துல உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

அவருக்குப் பதிலாக அவள்தான் சொன்னாள்.

"இதுங்களை ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு வளர்க்கறது இந்த அண்ணன்தான் சார். இது மின்னுற நேரத்துல, குடும்பம் ஓடணுமேன்னு இன்னொரு இடத்துல மூட்டை தூக்கிட்டு இருப்பாரு. இனிமே மெஷினே பார்த்துக்கும், நாளையிலேர்ந்து வரவேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தனை வருஷத்துல இது மின்னி இவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை சார்."